கையை எடுத்தால் என்ன ஆகும்?

ஆட்டோவில் போகும்போது ஓட்டுநரின் கைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வலது கை முறுக்குகிறது, வண்டி வேகம் எடுக்கிறது. இடது கை கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்குகிறது, கியர் மாறுகிறது. ஒரே ஹேண்டில்பாரின் இரண்டு முனைகள். மேலே ஒரே மாதிரி ரப்பர் உறை. அசைவும் ஏறத்தாழ ஒன்றுதான். சிக்னலில் நிற்கும்போது அவர் சில்லறை தேட இரண்டு கைகளையும் எடுக்கிறார். வலதுபக்கப் பிடி ஏற்கெனவே தானாகச் சுழன்று பழைய இடத்துக்குப் போயிருக்கும். இடதுபக்கப் பிடி கடைசியாக எந்த கியரில் விட்டாரோ அங்கேயே நிற்கும்.

ஒன்று ஏன் திரும்புகிறது, இன்னொன்று ஏன் திரும்ப மறுக்கிறது? ஹேண்டில்பார் முனையில் இருக்கும் இந்தச் சின்னச் சாதனத்தை முறுக்குப்பிடி என்று சொல்லிக்கொள்வோம். அதை வடிவமைக்கிறவரின் மூளையைத் தின்னும் கேள்வி, அதை எப்படிச் சுழலவைப்பது என்பதல்ல. ஒரு குழாயின் மேல் இன்னொரு குழாயைச் செருகினால் சுழலப்போகிறது. கையை எடுத்தால் என்ன ஆகவேண்டும், ஏதாவது அறுந்தால் என்ன ஆகவேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில், ஏன் முறுக்கவேண்டும்? காரில் காலால் மிதிக்கிறோம். இருசக்கர வண்டியில் கால்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒன்று பிரேக்கில், ஒன்று கியரில், நிற்கும்போது இரண்டும் தரையில். மிச்சம் இருப்பது கை. அந்தக் கையும் ஹேண்டில்பாரை விட முடியாது. விட்டால் வண்டி திரும்பாது. ஆகவே, பிடித்த பிடியை விடாமலே செய்யக்கூடிய வேலை ஒன்று வேண்டும். முறுக்குவது அப்படிப்பட்டது.

இது ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் தோன்றிவிடவில்லை. இங்கிலாந்தின் பழைய மோட்டார் சைக்கிள்களில் 1920களிலும்கூட ஹேண்டில்பாரில் சின்ன நெம்புகோல்கள்தான் இருந்தன. கட்டைவிரலால் ஒன்றைத் தள்ளினால் பெட்ரோல் கலவை, இன்னொன்றைத் தள்ளினால் காற்று. குண்டும் குழியுமான சாலையில் அந்த நெம்புகோலைத் துல்லியமாக நகர்த்துவது கஷ்டம். இதற்குப் பின்னால் பள்ளிக்கூட இயற்பியல் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளைச் சுழலவைப்பது விசை மட்டும் அல்ல. அந்த விசை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதும் சேர்ந்துதான். பாடப்புத்தகம் இதைத் திருப்பு விசை என்கிறது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது கை மேலும் கீழும் குதிக்கிறது. அந்த உதறல் பெரும்பாலும் ஹேண்டில்பாரின் நடுக்கோட்டை நோக்கியே அழுத்துகிறது. நடுக்கோட்டை நோக்கிப் போகும் விசைக்குத் திருப்பும் சக்தி கிடையாது. நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலுக்கோ ஒவ்வொரு உதறலும் ஒரு தள்ளு. முறுக்குப்பிடி குலுக்கலைக் கண்டுகொள்வதில்லை, மணிக்கட்டு சொல்வதை மட்டும் கேட்கிறது. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன். எங்கே இது பொய்யாகிறது என்று பிறகு பார்க்கலாம்.

அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் என்பவர் 1860களின் கடைசியில் நீராவியில் ஓடும் இருசக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அது இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஹேண்டிலை ஒரு பக்கம் சுழற்றினால் நீராவி திறக்கும். மறுபக்கம் சுழற்றினால் பிரேக் சக்கரத்தில் அழுந்தும். பெட்ரோல் மோட்டார் சைக்கிள் பிறப்பதற்கு முன்பே முறுக்குப்பிடி பிறந்துவிட்டது. ரோப்பர் 1896 ஜூன் 1 அன்று, 72 வயதில், பாஸ்டன் பக்கத்தில் சைக்கிள் பந்தயத் தளம் ஒன்றில் தன் புதிய நீராவி வண்டியை ஓட்டிக்காட்டும்போது விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதயம் செயலிழந்தது என்றார்கள். ஓட்டுகிறவரின் கை செயலற்றுப்போகிற தருணம் ஒன்று வரலாம் என்பது, இந்தச் சாதனத்தின் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரமே தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பிடியின் அசைவை எஞ்சினுக்குக் கொண்டுபோவதே பெரிய தலைவலி. ஹேண்டில்பார் இடமும் வலமும் திரும்பும், எஞ்சின் திரும்பாது. 'இந்தியன்' என்று பெயர் வைத்துக்கொண்ட அமெரிக்கக் கம்பெனி (நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) ஆரம்ப வண்டிகளில் கம்பிகளையும் மடங்கும் மூட்டுகளையும் கோத்து ஒப்பேற்றியது. இதற்குச் சரியான விடை வேறு இடத்திலிருந்து வந்தது. ரோப்பர் இறந்த அதே 1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் லண்டனில் ஒரு காப்புரிமை வாங்கினார். ராலே சைக்கிள் கம்பெனியை நடத்திய பிராங்க் பௌடனும் இவரும் ஒருவரே என்று பலர் குழப்பிக்கொள்வார்கள். இவர் வேறு, அவர் வேறு. காப்புரிமை எதற்கு என்றால், நம் வண்டிகளில் எல்லாம் தொங்கும் கேபிளுக்கு.

கேபிள் என்றால் உள்ளே ஒரு முறுக்குக்கம்பி, வெளியே ஒரு உறை. உறை ஏன் இருக்கிறது என்று கேட்டால், கம்பி துருப்பிடிக்காமல் இருக்க என்று பலரும் சொல்வார்கள். அது உபரி லாபம். உறைதான் பாதி வேலையைச் செய்கிறது. பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறது. நாடா எவ்வளவு வெளியே வருகிறதோ, அவ்வளவு துணி சுருங்கியிருக்கிறது. இப்போது அந்தத் துணி சுருங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்? நாடாவின் மறுமுனை உள்ளே இழுபட்டே தீரவேண்டும். கேபிளின் உறை அப்படி அடம்பிடிக்கும் துணி. தட்டையான கம்பியை நெருக்கமாகச் சுருட்டிச் செய்தது. எப்படி வேண்டுமானாலும் வளையும், ஆனால் நீளவாக்கில் அமுக்கினால் குறையாது. உள்கம்பி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு உறை எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டும் சமன். அதனால்தான் கேபிள் வளைந்து நெளிந்து போனாலும் இழுப்பு அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது, ஹேண்டிலைத் திருப்பினாலும் மாறுவதில்லை.

இதை உங்கள் வண்டியிலேயே சோதிக்கலாம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில், பின்சக்கரம் தரையைத் தொடாமல், எஞ்சினை ஸ்லோவில் ஓடவிடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் மாறவில்லை என்றால் பௌடன் சொன்னது சரி. ஒரு கோடியில் எஞ்சின் உறுமினால், கேபிள் எங்கோ மாட்டி இழுபடுகிறது, அல்லது அதற்குத் தேவையான தளர்வு இல்லை. பிடி எதையும் இழுக்கத் தொடங்குவதற்கு முன் சற்றே வெறுமனே சுழலவேண்டும். வண்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் இந்தத் தளர்வை, பிடியின் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மில்லிமீட்டர் என்று சொல்கின்றன. மெக்கானிக்குகள் இதைத்தான் ப்ரீ பிளே என்கிறார்கள். 'ஆக்சிலேட்டர் டைட்டா இருந்தா பிக்கப் நல்லா இருக்கும்' என்று சிலர் இதை முழுக்க எடுத்துவிடச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பிடிக்குள்ளே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். 22 மில்லிமீட்டர் ஹேண்டில் குழாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழல், அதன் உள்முனையில் ஓர் உருளை, உருளையின் பள்ளத்தில் கேபிளின் குமிழ் மாட்டியிருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த உருளையின் அளவில் வண்டியின் குணமே இருக்கிறது. அதன் ஆரம் 18 மில்லிமீட்டர் என்றால், கால் சுற்று முறுக்கினால் கேபிள் சுமார் 28 மில்லிமீட்டர் வரும். உருளையைப் பெரிதாக்கினால் கொஞ்சம் முறுக்கினாலே நிறைய இழுக்கும். பந்தயக்காரர்கள் விரும்புவது இது. மணிக்கட்டை முழுக்க மடக்காமல் எஞ்சினை முழுதாகத் திறந்துவிடலாம். ஆனால் கைக்குப் பாரம் கூடும், சிறு நடுக்கம்கூட எஞ்சினுக்குப் போகும். நகரத்து நெரிசலில் அது தண்டனை. சில வண்டிகளில் உருளை முழு வட்டமாக இருக்காது. முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இழுக்கும்படி அதன் விளிம்பைச் செதுக்கியிருப்பார்கள். காற்று போகும் வழியை மூடியிருக்கும் தகடு முதல் சில பாகை திறக்கும்போதே எஞ்சினுக்குக் காற்று தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. கடைசிப் பாகைகளில் பெரிய மாற்றம் இல்லை. அந்தக் கோணலை உருளையின் கோணல் சரிக்கட்டுகிறது.

இனி, கையை எடுத்தால் வலது பிடி திரும்புகிறதே, அந்த ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? பிடிக்குள் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அது கேபிளின் மறுமுனையில், எஞ்சின் பக்கத்தில் இருக்கிறது. பழைய வண்டிகளில் கார்புரேட்டருக்குள், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் வந்தவற்றில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட திராட்டில் பாடியில். நாம் முறுக்கும்போது அந்த ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் கேபிளை இழுக்கிறோம். விட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்கிறது, பிடி பின்னாலேயே போகிறது.

ஸ்பிரிங்கைப் பிடிக்குள் வைத்திருந்தால் செய்வதும் பழுதுபார்ப்பதும் சுலபம். ஆனால் நடுவில் கேபிள் அறுந்தால் பிடி மட்டும் அழகாகத் திரும்பிவிடும், எஞ்சின் திறந்தது திறந்தபடி ஓடும். மறுமுனையில் வைத்ததால், கேபிள் அறுந்த நொடியிலேயே எஞ்சின் ஸ்லோவுக்கு வந்துவிடுகிறது. கேபிள் கட்டாகி நடுவழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் அந்த வெயிலில் இதை நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அது வண்டி சரியாகக் கெட்டுப்போன விதம்.

கேபிள் அறுவதைவிட மோசமானது அறுந்தும் அறாமலும் இருப்பது. உள்கம்பி பல மெல்லிய இழைகளால் ஆனது. பிடிக்குப் பக்கத்தில், அடிக்கடி வளையும் இடத்தில், ஓர் இழை பிய்ந்து முள்ளாக நிற்கும். திறக்கும்போது வழுக்கிப் போகும். மூடும்போது உறையின் வாயில் குத்திக்கொள்ளும். ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. இதனால்தான் பல மோட்டார் சைக்கிள்களில் ஆக்சிலேட்டருக்கு இரண்டு கேபிள்கள் வைக்கிறார்கள். ஒன்று திறக்க. இன்னொன்று, ஸ்பிரிங் தோற்றால் கையாலேயே எதிர்ப்பக்கம் முறுக்கி மூட. பிடியை விட்டதும் 'டப்' என்று அடித்துக்கொண்டு மூடவேண்டும். சோம்பலாக ஊர்ந்து மூடினால் கேபிளை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பிடி இப்படித் தானாக மூடிக்கொள்வது ஒரு காலத்தில் எல்லாருக்கும் பிடித்திருக்கவில்லை. பழைய ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் திரும்பும் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கிய இடத்தில் நிற்கும். நீண்ட நேர்ச்சாலையில் கைக்குச் சுகம். 1970களில் அமெரிக்கக் கூட்டாட்சி விதி, ஆக்சிலேட்டர் வலது கையில் இருக்கவேண்டும், கையை எடுத்தால் தானாக மூடவேண்டும் என்று எழுதிவைத்தது. அதற்கு முன் அந்த நாட்டிலேயே 'இந்தியன்' வண்டிகள் பலவற்றில் ஆக்சிலேட்டர் இடது கையிலும் ஹார்லியில் வலது கையிலுமாக இருந்தது. ஒன்றை ஓட்டிப் பழகியவர் இன்னொன்றில் ஏறினால் என்ன பாடுபட்டிருப்பார்!

இப்போது ஆட்டோக்காரரின் இடது கைக்கு வருவோம். அந்தக் கைப்பிடி கியரின் வம்சாவளி இத்தாலிக்குப் போகிறது. 1946இல் வெளிவந்த வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ, ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த விமானப் பொறியாளர்; மோட்டார் சைக்கிள்களை அவருக்குப் பிடிக்காது. செருப்பும் உடையும் அழுக்காகாமல், கால்களைச் சும்மா தரைப்பலகையில் வைத்துக்கொண்டு ஓட்டவேண்டும் என்று கியரைக் காலிலிருந்து கைக்கு ஏற்றினார். அந்த வடிவம்தான் பஜாஜ் சேத்தக்காக நம் தெருக்களில் ஓடியது. சேத்தக் ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: கிளட்ச் லிவரும் பிடியோடு சேர்ந்தே சுழலும். முதல் கியரில் லிவர் வானத்தைப் பார்க்கும், நான்காவதில் தரையைப் பார்க்கும். எந்த கியரில் போகிறோம் என்று எண்ணைப் பார்க்கவே வேண்டாம், விரல்களுக்கே தெரியும்.

இந்தப் பிடியிலும் இரண்டு கேபிள்கள். ஆனால் காரணம் வேறு. இங்கே ஸ்பிரிங் கூடவே கூடாது. மேலே ஏற்ற ஒரு கேபிள் இழுக்கிறது, கீழே இறக்க மற்றது இழுக்கிறது. பின்சக்கரத்தின் பக்கத்தில், கியர் பற்சக்கரங்களுக்குள்ளே சிலுவை வடிவ உலோகத்துண்டு ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து, நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பள்ளம், பள்ளத்தில் விழுந்து உட்காரும் ஒரு குண்டு. 'டக்' என்று கையில் உணர்வது அதுதான். கையை எடுத்தால் இது திரும்பிப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் இடது கை நழுவ, வண்டி தானாக முதல் கியருக்கு இறங்கினால் பின்சக்கரம் இறுகி, ஆள் சாலையில் கிடப்பார்.

ஆக, வலது பிடியில் நாம் தருவது ஒவ்வொரு நொடியும் புதுப்பிக்கவேண்டிய கோரிக்கை. கோருவதை நிறுத்தினால் அது ரத்து. இடது பிடியில் தருவது ஒரு முடிவு. மாற்றும்வரை செல்லும். முதல்வகையை மீள்பிடி என்றும் இரண்டாம் வகையை நிலைப்பிடி என்றும் சொல்லலாம்.

கியர் சைக்கிள்களில் வரும் முறுக்குப்பிடியும் நிலைப்பிடிதான். சிகாகோவில் 1987இல் தொடங்கிய ஸ்ராம் கம்பெனி, பிடியை முறுக்கிக் கியர் மாற்றும் 'கிரிப் ஷிஃப்ட்' ஒன்றை வைத்துக்கொண்டுதான் சந்தைக்குள் நுழைந்தது. சைக்கிளின் சிக்கல் நுணுக்கமானது. செயினைப் பக்கவாட்டில் தள்ளும் டீரெய்லர் என்ற கருவி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் செயின் கரகரக்கும். இங்கே பௌடன் கேபிளின் ஒரு ரகசியக் குறை வெளிப்பட்டது: சுருட்டிச் செய்த உறை வளையும்போது, உள்ளே இருக்கும் பாதையின் நீளம் துளியூண்டு மாறுகிறது. ஆக்சிலேட்டரில் அது தெரியாது. கியரில் தெரியும். ஆகவே கியர் கேபிளின் உறையில் கம்பிகளைச் சுருட்டாமல் நீளவாக்கில் அடுக்குகிறார்கள். அதே உறையை பிரேக்குக்குப் போட்டால் அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடலாம் என்பதால் இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. ஜெர்மனியின் ரோலோஃப் 1998இல் தன் 14 கியர் சக்கரக்குடத்தில் வேறு வழி பிடித்தது. 'டக் டக்' பள்ளங்களைப் பிடியிலிருந்து எடுத்துச் சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. கேபிள் தளர்ந்தாலும் கியர் பிசகாது. எனக்கு இதுவே மிக அழகான தீர்வாகப் படுகிறது; விலைதான் அழகாக இல்லை.

குலுக்கலை முறுக்குப்பிடி கண்டுகொள்வதில்லை என்று மேலே சொன்னேன். முன்னும் பின்னுமான இழுப்பை அது நன்றாகவே கண்டுகொள்கிறது. ஆக்சிலேட்டர் நம்மை நோக்கி முறுக்கினால் திறக்கிறது. வண்டி திடீரென்று பாய்ந்தால் நிலைமத்தால் உடல் பின்னால் சாய்கிறது. விழாமலிருக்க ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்துத் தொங்குகிறோம். மணிக்கட்டு கீழே இறங்குகிறது. பிடி இன்னும் முறுக்கிக்கொள்கிறது. வண்டி இன்னும் பாய்கிறது. விளைவே காரணத்தை ஊட்டி வளர்க்கும் இதற்கு அறிவியலில் நேர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். பெயரில் மட்டும்தான் நேர்மறை. முதல்முறை ஸ்கூட்டர் பழகுகிறவர் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே மேலும் மேலும் முறுக்குவது பதற்றத்தால் மட்டும் அல்ல. உடலின் எடையும் சேர்ந்தே முறுக்குகிறது. நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிகளில், ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்ந்துகொண்டே இருப்பதால், முறுக்குப்பிடியை விட்டுவிட்டுக் கட்டைவிரல் நெம்புகோல் வைக்கிறார்கள். இருசக்கர வண்டியில் ஏன் இந்தத் திசையையே வைத்துக்கொண்டோம்? பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் சரிகிறது. அப்போது கை தானாகவே பிடியை மூடும் பக்கம் தள்ளுகிறது. ஒரு நன்மைக்கு ஒரு தீமை. அதோடு நூறாண்டுப் பழக்கம்.

மின்சார ஸ்கூட்டர்களில் கேபிளே இல்லை. பிடிக்குள் ஒரு காந்தமும், அதைத் தொடாமல் பக்கத்தில் நிற்கும் ஓர் உணரியும் இருக்கின்றன. அமெரிக்காவின் எட்வின் ஹால் 1879இல் தங்கத்தாளில் மின்சாரம் ஓடவிட்டு, காந்தத்தைக் கொண்டுபோனபோது தாளின் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். அந்த ஹால் விளைவுதான் உணரியில் வேலை செய்கிறது. பிடி சுழன்றால் காந்தம் நகரும், மின்னழுத்தம் மாறும், கட்டுப்பாட்டுக் கருவி அதைப் படித்து மோட்டாருக்குச் சொல்லும். உணரிக்கு 5 வோல்ட் தருகிறார்கள். ஆனால் அது 0 முதல் 5 வரை பேசுவதில்லை. மூடியிருக்கும்போது சுமார் 1 வோல்ட், முழுக்க முறுக்கினால் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு ஓரங்களையும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள். ஒரு ஒயர் அறுந்தால் அளவு 0க்கு விழும். இன்னொன்று அறுந்தால் 5க்கு ஏறிவிடும். நல்ல பிடி ஒருபோதும் சொல்லாத எண்கள் அவை. அந்த எண்ணைக் கேட்டதும் கருவி, பிடி கெட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு மோட்டாரை நிறுத்துகிறது. பெரிய பைக்குகளில் இரண்டு உணரிகள் வைத்து, இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று ஒப்பிடுகிறார்கள். யமஹா 2006இல் தன் ஆர்6 பைக்கில் எஞ்சினின் காற்றுவழியை மின்மோட்டார் திறக்கும் முறையைக் கொண்டுவந்தபோதும், பிடியிலிருந்து உணரி வரைக்கும் கேபிளை விட்டுவைத்தது.

இத்தனை காவலும் கை எடுபடும்போதுதான் உதவும். தவறான கை முறுக்கினால் எந்த ஸ்பிரிங்கும் ஒன்றும் செய்யாது. ஓடிக்கொண்டிருக்கும் கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பக்கத்தில் நின்றபடி வலது பிடியைப் பற்றி இழுத்தாலே அது பாயும். கடைவாசலில் வண்டியை அணைக்காமல், முன்னால் நிற்கும் குழந்தையை அப்படியே விட்டு ஒரு காலை ஊன்றி நிற்பது நம் ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. குழந்தையின் கைக்கு முதலில் எட்டுவது அந்தப் பிடிதான். மின்சார ஸ்கூட்டரில் வண்டி உயிரோடு இருக்கிறது என்று சொல்ல எஞ்சின் சத்தம்கூட இல்லை. இறங்கும்போதும், தள்ளும்போதும், ஒரு நிமிடம் நிற்கும்போதும் தயவுசெய்து முதலில் சாவியைத் திருப்பி அணையுங்கள்.